45 நாள் எந்த ஊர்க் கணக்கு?

அம்பத்தூர் தொழிற்பேட்டையை அறியாதவர் நம்மில் எவர்? 1964-இல் உருவான பேட்டை. பெரிய கம்பெனிகளின் பெயர்ப்பலகைகள் சாலையிலே பளபளக்கும். சந்துக்குள் நுழைந்து பாருங்கள். தகரக் கொட்டகை, இரண்டு லேத்து, ஒரு துளையிடும் எந்திரம், மூன்று ஆட்கள். முதலாளியும் அந்த மூவரில் ஒருவர்தான். அவர் கையிலும் எண்ணெய்க் கறைதான்! கம்பெனி இரும்பு தரும். இவர் கடைந்து கொடுப்பார். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி.

2020 மார்ச் 25. நாடே பூட்டப்பட்டது. கொடிய நோயைத் தடுக்கப் பூட்டியது தவறென்று நாம் கூறவில்லை. இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவில் பூட்டினார்களே, நாலு மணி நேர அவகாசம், அதைத்தான் கேட்கிறோம்! ஜூன் 19 முதல் சென்னைக்கு மீண்டும் முழு அடைப்பு. லேத்து நின்றது. லேத்துக்காரரை நம்பிய தேநீர்க்கடை நின்றது, மெஸ் நின்றது. நிற்காமல் ஓடியவை இரண்டு: வாடகை ஒன்று, வட்டி மற்றொன்று.

தவணையை ஆறு மாதம் தள்ளி வைத்தோமே என்றார்கள். வட்டியைத் தள்ளினார்களா? வட்டிக்கு வட்டி போட்டார்கள். வழக்கு மன்றம் ஏறிய பிறகுதான் அது விலகிற்று. சிறுதொழிலுக்கு 3 லட்சம் கோடி என்று முழங்கினார்கள். யாருக்கு? ஏற்கெனவே வங்கியில் கடன் வைத்திருந்தவருக்கு, அந்தக் கடனில் 20 விழுக்காடு! வங்கிப் படியே ஏறாத பட்டறைக்காரருக்கு? கந்துவட்டிக்காரர் இருக்கிறாரே! தள்ளுவண்டிக்காரருக்கு 10,000 ரூபாய்க் கடன் வந்தது. அது நல்ல காரியம், மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தப் பட்டறைக்காரர் கடன் கேட்க வேண்டியவரா? கடன் கொடுத்தவர் அல்லவா! கடைந்து கொடுத்த வேலைக்குரிய பில் கம்பெனி மேசையிலே தூங்குகிறது. 60 நாள், 90 நாள், "அடுத்த வாரம் வா".

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் ரிசர்வ் வங்கி குறிக்கும் வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டுவட்டி! மனுப் போட மன்றமும் உண்டு. 2023-இல் வருமான வரிச் சட்டத்தையும் திருத்தினார்கள். காலத்தில் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்று. உடனே என்ன பேச்சு கிளம்பிற்று தெரியுமா? பதிவு செய்யாத பட்டறைக்கு வேலையைத் திருப்பிவிடலாமே என்று! மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பேட்டைக்குள் வெள்ளம். தொற்றிலிருந்து எழுந்து நின்றவன் சேற்றிலிருந்து மோட்டாரைத் தூக்கினான். காயில் சுற்றக் கடன் வாங்கினான். கம்பெனியிலே அவன் பில் அப்போதும் தூங்கிற்று.

அந்தச் சந்தின் தேநீர்க்கடையிலே ஒரு நோட்டு தொங்கும். திங்கள் முதல் குடித்த தேநீருக்குச் சனிக்கிழமை கூலி வந்ததும் தொழிலாளி கணக்குத் தீர்க்கிறான். ஆறே நாள்! கம்பெனிக்கு 45 நாள் போதவில்லை.

ஏன் மனுப் போடவில்லை என்று கேட்டால், அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற அச்சம். நியாயமான அச்சம்தான். தனித்தனியே போனால் போகும். சந்திலுள்ள பட்டறைகள் அத்தனையும் ஒரே நாளில் மனுக் கொடுத்தால், இரும்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எந்தச் சந்துக்குப் போவார்கள்?