கத்திக்கு முந்தைய கடமை

வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை செய்வது டாக்டரின் வேலை. அதற்கு அவற்றைத் தயார் செய்வது வீட்டுக்காரர்களின் வேலை. சிக்கல் பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

பெங்களூரு கண்டோன்மென்ட்டின் பழைய குடியிருப்புகளில் ஒன்று ரிச்சர்ட்ஸ் டவுன். பிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் என்று வெள்ளைக்காரப் பெயர்கள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் கன்னடத்தோடு தமிழும் உருதுவும் ஆங்கிலமும் சகஜமாகக் காதில் விழும். ஓடு வேய்ந்த பங்களாக்கள் பல மறைந்து அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. தோட்டங்கள் போயின, நாய்கள் போகவில்லை. தோட்டமுள்ள வீட்டில் பெட்டை நாய் ஆறு குட்டி போட்டால் அவை பின்கட்டில் வளர்ந்தன. இரண்டாவது மாடி பிளாட்டில் அதே ஆறு குட்டி பெரும் நெருக்கடி. யாரும் வாங்கிக்கொள்ளாத குட்டிகள் எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தெருவுக்கு.

அந்தத் தெருவில் ஏற்கெனவே கூட்டம் அதிகம். பெங்களூரு மாநகராட்சி 2019-ல் எடுத்த கணக்குப்படி நகரின் தெருநாய்கள் 3.10 லட்சம். 2023-ல் எடுத்த கணக்கில் இது 2.79 லட்சமாகக் குறைந்தது. கருத்தடைத் திட்டத்தின் பலன் என்று மாநகராட்சி இதைச் சொல்லிக்கொண்டது. 2001-ல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் சரி, அவற்றுக்குப் பதிலாக 2023-ல் வந்த புதிய விதிகளும் சரி, ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன. தெருநாய்க்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. வீட்டு நாய்க்குச் செய்வது வளர்ப்பவரின் பொறுப்பு.

இந்த யோசனைக்கு ஒரு தமிழகத் தொடர்பு உண்டு. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து விட்டுவிடலாம் என்று சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே ஆரம்பித்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. பெங்களூருவில் கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1991-ல் துவக்கிய கியூபா அமைப்பும் இதே பாதையில் நடந்தது.

தெருநாயைப் பிடிப்பது, பட்டினி போடுவது, பிறகு கவனிப்பது எல்லாம் ஆட்கள் வைத்து நடக்கும் வேலை. வீட்டு நாய் விஷயத்தில் இத்தனையும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. பயிற்சி இல்லை, ஆனால் பாசம் நிறைய. ஆபத்தும் அந்தப் பாசத்திலிருந்தே வருவதுண்டு.

எப்போது?

முதல் குழப்பம் வயது. 'ஒரு ஈத்தாவது போடட்டும், அப்போதுதான் உடம்புக்கு நல்லது' என்பது வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாதம். இதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. மாறாக, கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் பிடிப்பது சாதாரணம். நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் குறைவாக உள்ள ஸ்வீடனில், காப்பீடு செய்யப்பட்ட நாய்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், 10 வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெட்டைக்கு இந்த நோய் வந்திருந்தது. அப்போது செய்யும் ஆபரேஷன், நோயும் முதுமையும் சேர்ந்த உடம்பில் செய்யும் அவசர ஆபரேஷன்.

அதற்காக அவசரப்படவும் வேண்டியதில்லை. பூனைக்கு ஐந்து மாதத்துக்குள் செய்துவிடலாம். அது அதற்குள்ளேயே கர்ப்பமாகிவிடக்கூடியது. சிறிய ரக நாய்களுக்கு ஆறு மாதம் வாக்கில் செய்வது வழக்கம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய உருவங்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியும் வரை, அதாவது ஒரு வயது தாண்டும் வரை, காத்திருக்கச் சொல்லும் டாக்டர்கள் இப்போது அதிகம். மிகச் சிறிய வயதில் செய்தால் சில ரகங்களில் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியதே காரணம். பெட்டை ஹீட்டில் இருக்கும்போது அந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் அதிகம். ஆகவே அது முடிந்து இரண்டு, மூன்று மாதம் விட்டுச் செய்வது உத்தமம். கடைசியாக எப்போது ஹீட்டுக்கு வந்தது என்ற தேதியைக் குறித்து வைத்திருக்கும் வீடு, டாக்டரின் வேலையைப் பாதி முடித்துவிடுகிறது.

உண்ணி என்ற வில்லன்

தென்னிந்தியாவில் இந்த ஆபரேஷனுக்கு முன் கவனிக்க வேண்டிய விசேஷ எதிரி ஒன்று உண்டு: உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நாய் உண்ணி காட்டில் மட்டும் வாழ்வதல்ல. சுவர் வெடிப்பிலும், சோபா மடிப்பிலும், லிப்ட் பக்கத்து மூலையிலும் முட்டையிட்டுப் பெருகும். அது பரப்பும் கிருமிகளில் ஒன்றான எர்லிக்கியா, நாய் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே மாதக்கணக்கில் உடம்பில் ஒளிந்திருந்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட நாயின் வயிற்றைக் கிழித்தால் ரத்தம் நிற்காது. ரத்தப் பரிசோதனை எழுதித்தரும் டாக்டர் பணம் பிடுங்குகிறார் என்று முணுமுணுப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. தட்டணு எண்ணிக்கை குறைவாக இருந்தால் முதலில் காய்ச்சலுக்கு வைத்தியம்; கருத்தடை அப்புறம்.

டாபர்மேன் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்த ரகத்தில் ரத்தம் உறையாத பரம்பரைக் கோளாறு அதிகம். பல் விழுந்தபோதோ நகம் உடைந்தபோதோ ரத்தம் நீண்ட நேரம் கசிந்திருந்தால் அதை மறைக்கக்கூடாது.

மயக்க மருந்திலும் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு நாடெங்கும் பரவிய பக் நாய்க்கு மூக்கு சப்பை, சுவாசப் பாதை குறுகல். மயக்கம் தெளியும் நேரத்தில்தான் அதற்குக் கண்டம். கர்நாடகத்தின் முதோள், தமிழகத்தின் சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பே இல்லை. இதே உடல்வாகுள்ள கிரேஹவுண்டுகள் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகளிலிருந்து எழ மிகவும் தாமதமாகும் என்பது நீண்ட காலமாகத் தெரிந்த விஷயம்.

பட்டினி பாவமல்ல

ஆபரேஷனுக்கு முந்தைய இரவில்தான் உண்மையான சோதனை. மயக்கத்தில் விழுங்கும் உணர்ச்சி போய்விடும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் வாந்தி மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். விளைவு: நிமோனியா, சில சமயம் மரணம். முன்பெல்லாம் 12 மணி நேரம் வரை பட்டினி போடச் சொன்னார்கள். ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு 4 முதல் 6 மணி நேரம் போதும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவமனைகள் சங்கத்தின் 2020 வழிகாட்டி சொல்கிறது. மிகச் சிறிய குட்டிகளை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். எனவே பக்கத்து வீட்டு நாய்க்குச் சொன்ன கணக்கு தன் வீட்டு நாய்க்குப் பொருந்தும் என்று நினைக்கக்கூடாது. தன் டாக்டர் சொன்ன நேரமே நேரம். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும், வேறு உத்தரவு இல்லாவிட்டால், காலை வரை விட்டுவைக்கலாம்.

இதை வீட்டில் ஒருவர் தெரிந்துகொண்டால் போதாது. 'பாவம், பசிக்குமே' என்று தாத்தா மேஜைக்கு அடியில் நீட்டும் மாரி பிஸ்கெட், வேலைக்காரம்மா வைக்கும் பழைய சோறு, வாட்ச்மேன் போடும் பன் ஆகியவைதான் திட்டத்தைக் கவிழ்ப்பவை. முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். அதையும் மீறி எதையாவது தின்றுவிட்டால், டாக்டரிடம் உண்மையைச் சொல்லி வேறு தேதி வாங்கிக்கொண்டு திரும்பலாம். ஒரு நாள் வீணாவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

முதல் நாளே குளிப்பாட்டிவிடுவது நல்லது. தையல் பிரிக்கும் வரை அடுத்த குளியல் கிடையாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி உட்படப் போட்ட ஊசிகளின் அட்டை, தினமும் கொடுக்கும் மருந்துகளின் பட்டியல் இரண்டும் கையில் இருக்க வேண்டும். பூனையாக இருந்தால், கூடையைச் சில நாட்கள் முன்பே ஹாலில் திறந்து வைத்துவிட வேண்டும். அன்று காலை திடீரென்று கூடையைக் கண்டால் பூனை அலமாரிக்குப் பின்னால் போய்விடும்.

பத்து நாள் காவல்

மாலையில் தள்ளாடியபடி வீடு திரும்பும் பிராணிக்கு வேண்டியது ஓர் இருட்டு மூலை, கொஞ்சம் தண்ணீர், இரவில் டாக்டர் அனுமதிக்கும் சிறிய சாப்பாடு. மாடிப்படியும் சோபாவும் வேண்டாம். வலியில் முனகுகிறதே என்று வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பது பெரிய தவறு. பூனைக்கு ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம்; நாய்க்கு ஐபுபுரூபன் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைப் பார்த்து இரக்கப்பட்டுக் கழற்றினால், அரை மணி நேரத்தில் தையலை நக்கிப் பிரித்துவிடும். 10 முதல் 14 நாட்கள் இந்தக் காவல் தேவை. ஈறுகள் வெளுத்தாலோ, காயத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ விடியும் வரை காத்திருக்கக்கூடாது.

ஆண் நாய் வைத்திருப்பவர்கள் மறப்பது இன்னொன்று. விரைகளை எடுத்த அன்றே மலட்டுத்தன்மை வந்துவிடாது. மிச்சமிருக்கும் விந்தணு சில வாரங்கள் வேலை செய்யும். ஒரு மாதமாவது பெட்டையிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். அப்புறம் எடை. கருத்தடைக்குப் பின் பசி கூடும், தேவை குறையும். சோற்றின் அளவைக் குறைக்காமல் நாய் குண்டாகிவிட்டதற்கு ஆபரேஷனைப் பழி சொல்வது நியாயமல்ல.

வாயில்லா ஜீவனால் காலையில் என்ன தின்றோம் என்று டாக்டரிடம் சொல்ல முடியாது. உண்ணி கடித்ததையும் சொல்லாது, வலி மாத்திரை கொடுத்ததையும் சொல்லாது. அதற்காகப் பேச வேண்டியவர் சங்கிலியைப் பிடித்திருப்பவர். ஆபரேஷன் மேஜையில் அதன் உயிருக்கு டாக்டரின் கைத்திறன் எவ்வளவு தேவையோ, அந்த வாயிலிருந்து வரும் உண்மையும் அவ்வளவு தேவை.