காலை ஆறு மணிக்கு டோர்ச் லைட்

தை பிறந்தால் பொழுது நீளும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதையே வைத்து, வெளிச்சம் வளரும் காலத்தைப் பற்றி ஏதாவது இதமாக எழுதித் தரச் சொன்னார் ஆசிரியர். ஜனவரிக் கடைசியில் மாத்தளை மாவட்டத்து நாவுல பக்கத்து பஸ் தரிப்பிடம் ஒன்றில் காலை ஐந்தே முக்காலுக்குப் போய் நின்று பாருங்கள். வளர்ந்திருப்பது இருட்டு.

லண்டனில் இருக்கும் சொந்தங்களுக்கு மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். நமக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்தக் கொஞ்சமும் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. நவம்பர் நடுவில் நாவுலயில் சூரியன் உச்சிக்கு வருவது 11.52 அளவில், பெப்ரவரி நடுவில் 12.21 ஆகிவிடும். பூமியின் அச்சுச் சாய்வும், சூரியனுக்குக் கிட்ட வரும் மாதங்களில் அது சற்று வேகமாக ஓடுவதும் சேர்ந்து செய்கிற வேலை. பகல் முழுவதுமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. 5.45க்கு மறைந்துகொண்டிருந்த சூரியன் 6.17 வரை நிற்கிறது. வயலிலிருந்து திரும்புகிறவருக்கு நல்லதுதான். ஆனால் ஆறு மணிக்கு உதித்துக்கொண்டிருந்தது ஜனவரி முடிவில் 6.25ஐத் தாண்டிவிடும். தென்கிழக்கே நக்கிள்ஸ் மலைகள், போதாததற்குப் பனிமூட்டம். கணக்கில் உதித்த சூரியன் கண்ணில் பட இன்னும் நேரம் எடுக்கும்.

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். பொங்கல் பொங்கி இரண்டு வாரம் ஆனபிறகும் விடியல் பின்னாலேயே போகிறது என்பதை எந்தக் கலண்டரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

எனக்கு உறுத்துவது பாடசாலைப் பிள்ளைகள். முதல் மணி ஏழரைக்கு. உள்ளூர்ப் பாதையிலிருந்து ஏ9 வீதிக்கு நடந்து வந்து பஸ் பிடிக்கிற பிள்ளை ஆறு மணிக்கு முன்னமே வீட்டைவிட்டு இறங்கியாக வேண்டும். யானை நடமாடுகிற பிரதேசம் இது. ஒரு கையில் டோர்ச், மறு கையில் தங்கச்சி. வெள்ளைச் சீருடை ஒன்றுதான் லொறிக்காரர் கண்ணுக்குத் தெரிகிறது.

1996 ஞாபகம் இருக்கிறதா? வறட்சியில் நீர்மின் நிலையங்கள் படுத்துவிட, மே மாதம் இலங்கையின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அதில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. பத்து ஜனவரிகளில் நாவுலயில் விடிந்தது ஏழு மணிக்குச் சற்று முன்னர். (இதே ஏ9இல் வடக்கே, புலிகளின் வன்னியில் பழைய நேரமே ஓடிக்கொண்டிருந்தது.) மின்சாரத்துக்காக ஒரு நாடே கடிகாரத்தைத் திருகலாம், பிள்ளைகளுக்காக ஜனவரியில் மட்டும் பாடசாலை மணியை அரை மணி தள்ளி அடிக்க முடியாதா? பின்னேர வகுப்பு குழம்பும், வேலைக்குப் போகிற பெற்றோருக்குச் சிரமம் என்பார்கள். இருக்கட்டும்.

பெப்ரவரி நடுவுக்குப் பிறகு சித்திரை வரை மாலை அசைவதேயில்லை. ஆறே காலைச் சுற்றியே நிற்கிறது. காலைதான் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. புத்தாண்டன்று ஆறு மணிக்கே சூரியன். அதற்குச் சில நாள் முன்பு நண்பகலில் அது நேர் உச்சியில் நிற்கும். நம் நிழல் காலடியில் சுருண்டுவிடும். நமக்கு வசந்தம் என்று ஒன்று இருந்தால் அது விடிகாலையில்தான் இருக்கிறது. ஆனால் அப்போது பாடசாலை விடுமுறை.

ஆறுமணிக் குருவி அக்கம்பக்கத்துப் பற்றைகளில் மாரிக்கு வந்து தங்கி, வெயில் ஏறத் தொடங்கியதும் இந்தியாவுக்குத் திரும்பிவிடும். விடியும்போதும் அடையும்போதும் கூவுவதால் அந்தப் பெயர். வெளிச்சம் பார்த்துத்தான் கூவும். 1997க்கும் 2006க்கும் இடையில், இங்கே ஜனவரிக் காலைகளில் அது கூவியபோதெல்லாம் பிள்ளைகள் போன பஸ் எப்போதோ மறைந்திருக்கும்.