கடைச் சாப்பாடு: வற்றாப்பளைப் பக்கத்தில் அன்றும் இன்றும்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் கதையில் முதலில் வருவது பசிதான். மதுரையை எரித்துவிட்டு ஈழத்துக்கு வந்தவள், நந்திக்கடல் வெளியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் முன்னால் ஒரு மூதாட்டியாக வந்து நின்று பசிக்கிறது என்றாளாம். சிறுவர்கள் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றதும் கடல்நீரை அள்ளி வரச் சொன்னாள். அதிலேயே விளக்கு எரிந்தது. வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுக்கிறார்கள். அது முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் விளக்காக எரிந்து, பிறகு அம்மனிடம் வந்து சேர்கிறது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பசித்து வந்தவரிடம் காசு வாங்கிக்கொண்டு சோறு போடுவது லேசில் மனதுக்கு ஒட்டுகிற காரியமல்ல.

அதனால்தான் எங்கள் பக்கத்தில் நெடுங்காலம் சாப்பாட்டுக் கடை என்பது ஊராருக்கான இடமாக இருக்கவில்லை. வெயிலுக்குள் வந்தவரை "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று மறிப்பதுதான் வழக்கம். சோறு குறைந்தால் உலையில் இன்னொரு சுண்டு அரிசி விழும். ஊரில் உறவில்லாதவர்கள்தான் கடையில் சாப்பிட்டார்கள்: மாற்றலாகி வந்த வாத்தியார், நெல் ஏற்ற வந்த லொறிக்காரர், கச்சேரியில் அலுவலாக வந்து பஸ்ஸைத் தவறவிட்டவர். வெள்ளைக்காரர் காலத்தில் அதிகாரிகள் தங்கிச் சாப்பிட மாங்குளத்தில் வாடி வீடு இருந்தது. மற்றவர்களுக்குச் சந்திக் கடை. ஊர்க்காரர் ஒருவர் மத்தியானம் கடையில் சோறு தின்றால், வீட்டில் ஏதோ பிரச்சினை என்று அன்று பின்னேரத்துக்குள் நாலு பேருக்குத் தெரிந்துவிடும்.

தேத்தண்ணிக் கடையின் சங்கதி வேறு. அது ஆண்களின் மன்றம். தகரக் கூரை, நடுவில் ஒரு நீட்டு மேசை, இருபக்கமும் வாங்கு. முன்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்கு மேலே வளையில் தொங்கும் வாழைக்குலை. உள்ளே அடுப்பில் கேத்தில் எந்நேரமும் கொதித்தபடி. நாங்கள் போய் உட்கார்ந்ததும் கேட்காமலேயே ஒரு தட்டு வரும். அதில் வடை இரண்டு, வாய்ப்பன் இரண்டு, சூசியம், ரோல்ஸ், சில நாள்களில் ஒரு துண்டு போளி. விரும்பியதை எடுக்கலாம், மிச்சம் திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். எழுந்திருக்கும்போது முதலாளி தட்டை ஒருமுறை பார்ப்பார். "இரண்டு வடை, ஒரு வாய்ப்பன், ரெண்டு பிளேன்ரீ" என்று நாமே சொல்லுவோம். அவர் தாளில் எழுதிக் கூட்டமாட்டார், நாமும் ஒளிக்கமாட்டோம். இந்தத் தட்டு முறை இலங்கை முழுக்க உண்டு, எங்களுக்கே உரியதல்ல. ஆனால் அறுவடைக்கு முந்திய மாதங்களில் அந்தக் கணக்கு கொப்பிக்குள் போய், நெல் வித்த பிறகு தீர்க்கப்பட்டது வன்னியின் குணம். ஒரு விவசாயி கடைக்காரரிடம் கடன்பட்டிருந்தார் என்றால், இரண்டு பேருமே அந்த வருடத்து மழையை நம்பியிருந்தார்கள் என்று அர்த்தம்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பெண்கள் அந்த வாங்கில் உட்கார்ந்ததில்லை. திருவிழாவுக்கு வந்த குடும்பம் என்றாலும் பெண்களுக்குத் தேத்தண்ணி வண்டிலுக்குத்தான் போகும். சாதியும் கடைக்குள் இருந்தது. வடக்கில் தேநீர்க் கடைகளில் சிலருக்குத் தனிக் குவளையும், சிலருக்கு வெளியே போத்தலில் தேத்தண்ணியும் கொடுத்த வெட்கக்கேட்டை எதிர்த்து 1950களிலும் 60களிலும் யாழ்ப்பாணத்தில் போராட வேண்டியிருந்தது. 1957இல் அதற்கெதிராகச் சட்டமே வந்தது. சட்டம் வந்த பிறகும் குவளைகள் உடனே மாறிவிடவில்லை. கடையில் யாரும் எங்கும் உட்காரலாம் என்ற இன்றைய சாதாரண விஷயத்துக்காக அடிபட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை இன்றைக்குக் கொத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் முல்லைத்தீவு நகரிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில், வடக்கின் மற்ற முஸ்லிம்களைப் போலவே, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களோடு றொட்டிக் கல்லும் இறைச்சிக் கறியும் போயின. அதைவிடப் பெரிது, ஒரே சந்தையில் ஒரே மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்த உறவு போனது. போர் முடிந்த பிறகு ஒரு பகுதியினர் திரும்பி வந்திருக்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்குப் புத்தளம்தான் ஊராகிவிட்டதால் பலர் வரவில்லை. தண்ணீரூற்றில் மறுபடி றொட்டி வீசும் சத்தம் கேட்கும்போது எனக்கு ஏற்படும் சந்தோசத்தில் அந்த வெட்கமும் கலந்திருக்கிறது.

அதே 1990இல்தான் பொருளாதாரத் தடையும் இறுகியது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், உரம், மருந்து என்று தடைப்பட்டியல் நீண்டது. மாவும் சீனியும் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தேத்தண்ணிக் கடை மூடவில்லை, சுருங்கியது. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணியை உறிஞ்சினோம். இரவில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சைத் திணித்து, கொஞ்சமாய் மண்ணெண்ணெய் விட்ட விளக்கு. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துச் சனம் வன்னிக்கு வந்தபோது புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் கொட்டில் கடைகள் முளைத்தன. யாழ்ப்பாண நகரத்தில் கடை நடத்தியவர் கிடுகுக் கூரையின் கீழ், அதே ருசியில் தோசை சுட்டார். 1996இல் கிளிநொச்சி இராணுவத்திடம் போனதும், அதுவரை ஒதுங்கிக் கிடந்த மல்லாவி சில காலம் பெரிய பட்டினம்போல நின்றது. கடையில் சாப்பிடுகிறவன் ஊரில்லாதவன் என்ற பழைய கணக்கின்படி பார்த்தால், அப்போது வன்னி முழுவதுமே ஊரில்லாதவர்களால் நிரம்பியிருந்தது. கடைச் சாப்பாட்டின் மேலிருந்த கூச்சம் அப்போதுதான் உடைந்தது என்று நான் நினைக்கிறேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ9 வீதி திறந்தது. கிளிநொச்சிக்கு ஒரு புதுக் கோலம் வந்தது. பாண்டியன் சுவையூற்று போன்ற இடங்களில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஐஸ்கிறீம் சாப்பிடலாம். அவை புலிகளின் வணிக அமைப்பு நடத்தியவை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகள், தொண்டு நிறுவனக்காரர், செய்தியாளர், பேச்சுவார்த்தைக்கு வந்த இராசதந்திரிகள் எல்லோரும் அந்தப் பட்டினத்தில்தான் சாப்பிட்டார்கள். வன்னிக் குடும்பம் ஒன்று தாய், தகப்பன், பிள்ளைகளோடு கடைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்ததை நான் முதலில் பார்த்தது அந்த நாள்களில்தான். பெண்கள் உள்ளே வந்து இருந்தார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2006 ஓகஸ்ட்டில் வீதி மறுபடி மூடியது.

பிறகு நடந்ததற்கு நீண்ட எழுத்து வேண்டும், இது அதற்கான இடமல்ல. சாப்பாட்டைப் பற்றிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2009இல் நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடையில் இருந்த ஒடுங்கிய மண்ணில், கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். அரிசியும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். அந்த வரிசையில் செல் விழுந்தது. இன்று ஒவ்வொரு மே மாதமும் வீதியோரங்களில் அதே கஞ்சியைக் காய்ச்சி, சிரட்டையிலோ கோப்பையிலோ ஊற்றி, வழியில் போகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. வற்றாப்பளைப் பொங்கலும் பெரும்பாலும் அந்த நாள்களை ஒட்டியே வருகிறது. ஒரே வீதியில் ஒரு பக்கம் தாகசாந்திப் பந்தலில் சர்பத், இன்னொரு பக்கம் உப்புக் கஞ்சி. இரண்டையும் குடிக்காமல் யாரும் கடந்து போவதில்லை.

செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து சனம் தறப்பாள் கூரைகளுக்குத் திரும்பி வந்தபோது, ஏ9 வீதியோரத்தில் சுடச்சுடத் தேத்தண்ணி வித்தவர்களில் பலர் சீருடைக்காரர்கள். தெற்கிலிருந்து சுற்றுலா வந்த பஸ்கள் அங்கேயே நின்றன. நந்திக்கடல் கரையில் இராணுவம் விடுதியும் நடத்தியது. சம்பளமும் வாகனமும் அரசாங்கத்திடமிருந்து வருகிற ஒரு படையோடு, கடன் வாங்கிக் கேத்தில் வாங்கிய ஒருத்தி எப்படிப் போட்டி போடுவாள்? எங்கள் சிறு கடைகள் பத்து வருடம் பிந்தி எழும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். வற்றாப்பளைக்குப் பக்கத்துக் கேப்பாப்பிலவுச் சனம் தங்கள் காணிகளுக்காக 2017இல் வீதியோரத்தில் இருந்தபோது, அடுப்பையும் அங்கேயே மூட்டிச் சமைத்தார்கள்.

மாற்றம் பெண்களின் கையால் வந்தது. ஐங்கரநேசன் வட மாகாண விவசாய அமைச்சராக இருந்த காலத்தில் 'அம்மாச்சி' உணவகங்கள் தொடங்கின. தெற்கில் 'ஹெல போஜூன்' என்று விவசாயத் திணைக்களம் நடத்துகிற அதே முறைதான். திணைக்களம் கட்டடத்தையும் பயிற்சியையும் கொடுக்கும், ஒவ்வொரு தட்டியிலும் ஒரு பெண் தன் சொந்தக் கணக்கில் சமைத்து விற்பாள். போத்தல் சோடாவுக்கு அங்கே இடமில்லை. ஒரு தட்டியில் குரக்கன் றொட்டி, அடுத்ததில் தோசை, அதற்கடுத்ததில் இலைக்கஞ்சி. கையுறையும் தலைத்தொப்பியும் போட்ட அக்கா கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே "அண்ணை, சம்பல் உறைப்பு, பாத்துப் போடுங்கோ" என்பார். நமக்கு முன்னாலேயே வெந்து, நமக்கு முன்னாலேயே தட்டில் விழுகிறது. தோசை வேகும் வரை நின்று பார்ப்பதும் ஒரு சுகம். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தில், வீட்டுக்குள் கூலியில்லாமல் செய்த வேலைக்கு முதன்முதலாகக் கல்லாப்பெட்டி கிடைத்தது. அம்மன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் சோற்றுக்குக் காசா என்று தயங்கியது சரிதான். ஆனால் அந்தச் சோற்றை யார் சமைத்தார்கள் என்று அந்தக் காலத்தில் நாங்கள் கேட்கவே இல்லை.

முள்ளியவளையிலும் முல்லைத்தீவிலும் புதுக்குடியிருப்பிலும் இப்போது பின்னேரம் ஆறு மணிக்குக் கொத்துக் கடைகள் விழிக்கின்றன. கூலிங் பெட்டி, வண்ண விளக்கு, சுவரில் படம் போட்ட விலைப்பட்டியல். பிள்ளையின் பிறந்தநாளுக்கு, சோதனை முடிந்ததற்கு, கனடா மாமா வந்ததற்கு எல்லாம் குடும்பமாக வருகிறார்கள். தட்டில் வைத்துக் கணக்குப் பார்க்கும் கடைகளும் சந்திகளில் மிஞ்சியிருக்கின்றன. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயு 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயானபோது, பட்டினத்துக் கண்ணாடிக் கடைகள் கதவைச் சாத்தின. விறகடுப்பைக் கழற்றி எறியாத எங்கள் கடைகள் புகைக்குள் நின்று தாக்குப்பிடித்தன. வடை மட்டும் சின்னதாகிப்போனது. இன்றும் பழைய அளவுக்கு வரவில்லை.

எனக்குள்ள மனத்தாங்கல் ஒன்றுதான். பட்டியலைக் கையில் எடுத்தால் முல்லைத்தீவா, வத்தளையா என்று தெரியாது. பிறைட் றைஸ், கொத்து, டெவல் சிக்கன், கடைசியில் மறுபடி பிறைட் றைஸ். கோழி ஐஸ் பெட்டியிலிருந்து வருகிறது. பக்கத்திலேயே நந்திக்கடல் இறால் பிடிபட்டுக் கூலர் லொறியில் கொழும்புக்கு ஏறுகிறது. முட்டியில் உறைந்த எருமைத் தயிரும் வன்னித் தேனும் தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு வீதியோரப் பொருள், எங்கள் கடைப் பட்டியலில் அவை இல்லை. பாலைப்பழக் காலத்தில் வீதியில் கோப்பை கோப்பையாக விற்கிறார்கள், ஒரு கடையிலாவது அதைக் குளிர்வித்துத் தந்ததை நான் காணவில்லை. குறை கடைக்காரரிடம் மட்டும் இல்லை. வீட்டில் தின்கிற இறால் கறியைக் காசு கொடுத்து ஏன் தின்பான் என்று அவர் நினைக்கிறார், நாங்களும் அப்படியே நினைக்கிறோம். வெளியில் சாப்பிடுவதென்றால் வேறு ஊர்ச் சாப்பாடு தின்பது என்றாகிவிட்டது.

வெளிநாட்டிலிருந்து பொங்கலுக்கு வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. பெயர்ப்பலகை பார்த்துப் போக வேண்டாம் என்பேன். பெண்கள் நடத்தும் சின்னக் கடை ஒன்றைப் பிடித்து, முதல்நாள் பின்னேரமே போய், "அக்கா, நாளைக்கு மத்தியானம் அஞ்சு பேர், இறால் குழம்பும் முருங்கையிலைச் சொதியும் வையுங்கோ" என்று சொல்லி, பாதிக் காசைக் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். விடியச் சந்தைக்குப் போகிறவருக்குத்தான் நல்ல இறால் கிடைக்கும், எட்டு மணிக்குப் பிறகு லொறிக்காரர் மிச்சம் விட்டதுதான்.