வால் மெலிந்தால் எச்சத்தைப் பாருங்கள்

உலகெங்கும் வீடுகளில் பெரிதும் வளர்க்கப்படும் பல்லிகளில் ஒன்று சிறுத்தைக் கெக்கோ. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட பாறை நிலங்கள் இதன் தாயகம். இரை கிடைக்காத நாட்களுக்கான கொழுப்பை வாலில் சேர்த்து வைப்பதால், நலமாக இருக்கும் கெக்கோவின் வால் கொழுத்திருக்கும். அது மெலியத் தொடங்கினால் குடல் ஒட்டுண்ணிகளைச் சந்தேகிக்க வேண்டும்.

அடிக்கடி காணப்படுபவை கீரிப்புழுக்கள். எச்சத்தோடு வெளியேறும் முட்டைகள், அழுக்கான தரையிலிருந்து மீண்டும் கெக்கோவின் வாய்க்கே போய்ச் சேரும். புழுக்கள் குறைவாக இருந்தால் பெரிய தொல்லையில்லை. பெருகினால் உடல் இளைக்கும். காக்சிடியா என்னும் ஒற்றைச் செல் உயிரி குடல் செல்களுக்குள் புகுந்து பெருகி வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மூன்றாவதான கிரிப்டோஸ்போரிடியம்தான் பொல்லாதது. வாலைக் குச்சியாக்கிவிடும் இதற்கு, முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. வீட்டில் புழங்கும் பிளீச்சிங் கரைசலுக்கும் இது மசியாது.

எது தாக்கியிருக்கிறது என்பதை எச்சமே சொல்லும். நல்ல எச்சத்தில் பழுப்புப் பகுதியும் யூரிக் அமிலத்தாலான வெள்ளைக் கட்டியும் தனித்தனியே தெரியும். சிறுத்தைக் கெக்கோ பெரும்பாலும் ஒரே மூலையில்தான் கழிக்கும். எனவே காயாத எச்சத்தை எடுத்து, மூடியுள்ள டப்பாவில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவது எளிது. நுண்ணோக்கியில் முட்டைகள் தெரிந்துவிடும். கிரிப்டோவை உறுதிசெய்யப் பிசிஆர் சோதனை உதவும்.

கீரிப்புழுவுக்கு வழக்கமான மருந்து ஃபென்பெண்டசோல். கிலோவுக்கு 50 மி.கி. என்று மருத்துவர் கணக்கிட்டால், 60 கிராம் கெக்கோவுக்கு வேண்டியது 3 மி.கி. மட்டுமே. நாய்க்குத் தரும் 150 மி.கி. மாத்திரையில் இது ஐம்பதில் ஒரு பங்கு. கண்ணளவில் கிள்ளிக் கொடுத்தால் அளவு மீறிவிடும். காக்சிடியாவுக்கு மருந்தே வேறு.

மருந்து கொடுத்துவிட்டுக் கூண்டை அப்படியே விட்டால் புழு திரும்பி வரும். தரையில் காகிதத் துண்டு விரித்து, எச்சத்தை அன்றன்றே அகற்றுங்கள். தின்னாமல் விட்ட சிள்வண்டுகளையும் எடுத்துவிடுங்கள். அவை எச்சத்தைக் கொறித்துவிட்டுப் பிறகு கெக்கோவுக்கு இரையாகும். புதிதாக வாங்கிய கெக்கோவை 90 நாட்கள் தனி அறையில், தனித் தட்டு, தனி இடுக்கியோடு வையுங்கள். கெக்கோவிடமிருந்து சால்மோனெல்லா நமக்கும் தொற்றக்கூடும் என்பதால், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

சோதனை செய்யாமல் புழு மருந்து கொடுக்காதீர்கள். மருந்து கொடுத்த பிறகு மறுசோதனையைத் தவறவிடாதீர்கள்.