தீர்ப்பும் திருவுளச்சீட்டும்

தொலைக்காட்சிப் போட்டி ஒன்றின் இறுதிச் சுற்று ஒளிபரப்பான மறுநாள், 'நடுவர்கள் ஓரவஞ்சனை செய்துவிட்டார்கள்' என்ற பேச்சு எழாத ஊர் தமிழகத்தில் இல்லை. பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்துள்ள மீனவக் குப்பங்களும் இதற்கு விலக்கல்ல. வலை பழுதுபார்க்கும் நிழலிலும் தேநீர்க் கடையிலும் இந்த வழக்கு நாள்கணக்கில் நடக்கும். இதனை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கிவிட இயலாது. பொருளியல் கற்பித்த ஆண்டுகளில் மாணவர்களுடன் அக்குப்பங்களுக்குச் சென்றபோதெல்லாம் என்னுள் எழுந்த வினா ஒன்று உண்டு: பாட்டுப் போட்டியின் முடிவை ஏற்க மறுக்கும் அதே மக்கள், தங்கள் அன்றாட வருவாயையே நிர்ணயிக்கும் ஒரு பங்கீட்டைத் தலைமுறைகளாக ஏற்றுவருவது எப்படி?

அந்தப் பங்கீட்டின் பெயர் 'பாடு'. சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டில், எல்லா இடத்திலும் ஒரே அளவு மீன் கிடைப்பதில்லை. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில், கழி ஊன்றிக் கட்டும் வலைகளில் இறால் மிகுதியாக விழும். அவ்விடங்கள் சில, வலைகளோ பல. வலியவன் முந்திக்கொண்டால் தினமும் சண்டைதான். எனவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தார், சீட்டுப் போட்டும் முறை வைத்தும் அவ்விடங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டனர். இன்று வளமான இடம் வாய்த்தவருக்கு நாளை வறண்ட இடம் வாய்க்கும். இலங்கையின் நீர்க்கொழும்புக் கடலேரியிலும் இத்தகைய சீட்டு முறை உண்டு. அங்கு அது அரசின் சட்ட விதிகளிலும் இடம்பெற்றுள்ளது.

நீதி குறித்து எழுதிய அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ், 1971-இல் வெளியான தமது நூலில் மூன்று வகை நடைமுறைகளைப் பிரித்துக் காட்டினார். முதலாவது, பலகாரத்தைப் பங்கிடுவது போன்றது. எது நியாயமான பங்கு என்பது முன்பே தெரியும்; வெட்டுபவர் கடைசியாக எடுக்கட்டும் என்றால் அந்தப் பங்கு தானாகவே கிடைத்துவிடும். இரண்டாவது, குற்றவியல் விசாரணை. குற்றவாளிதான் தண்டிக்கப்பட வேண்டும் என்பது தெரியும். ஆனால் அதனை உறுதியாகச் சாதிக்கும் வழி எவரிடமும் இல்லை. மூன்றாவது, சீட்டுக் குலுக்கல். இங்கே 'சரியான முடிவு' என்று தனியாக எதுவும் கிடையாது. குலுக்கல் நேர்மையாக நடந்திருந்தால் வந்த முடிவே சரியானது.

பாடு மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அதில் தோற்றவர் தம் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ளலாமே தவிர, அடுத்தவரின் நேர்மையைச் சந்தேகிக்க இடமில்லை. பாட்டுப் போட்டி எந்த வகை? 'சிறந்த குரல்' என்று ஒன்று உண்டு. அதனைக் கண்டுபிடிப்பதே எங்கள் வேலை என்று தொலைக்காட்சி சொல்கிறது. ஆனால் சிறந்த குரலுக்கு அளவுகோல் எது என்பதில் நடுவர்களே ஒன்றுபடுவதில்லை. சுருதி சுத்தமா, உணர்ச்சியா, மேடைத் தோற்றமா, மக்களின் விருப்பமா என்ற வினாவுக்கு விடை இல்லாமலேயே இறுதிச் சுற்று வந்துவிடுகிறது. அளவுகோலும் உறுதியில்லை, நடைமுறையும் வெளிப்படையில்லை என்றால் சர்ச்சை வராமல் எப்படி இருக்கும்?

2016-இல் விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்' ஐந்தாம் பருவம் முடிந்தபோது எழுந்த விவாதம் இதற்கு நல்ல சான்று. 70 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டைப் பரிசாக வென்ற ஆனந்த் அரவிந்தாக்ஷன், அதற்கு முன்பே திரைப்படங்களில் பின்னணி பாடியவர் என்ற செய்தி பரவியது. புதிய குரலைத் தேடும் மேடை என்று நம்பி வாக்களித்தோமே என்று பார்வையாளர்கள் பலர் சமூக ஊடகங்களில் பொருமினார்கள். திரையில் பாடியிருப்பது குற்றமன்று; பாடகரிடம் கேட்பதற்கும் ஒன்றுமில்லை. கேள்வி, போட்டியை அமைத்தவர்களுக்கானது: யார் கலந்துகொள்ளலாம் என்ற விதி, வாக்குக் கேட்பதற்கு முன்பாகப் பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதா?

தகுதி விதியை முன்கூட்டியே பறைசாற்றுவது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழனின் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதி என்ன என்பதை முதலில் சொல்லிவிட்டே குலுக்கலுக்கு வருகிறது. வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேற்பட்ட நிலம். முந்தைய 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமன்றி அவருடைய உறவினருக்கும் இடமில்லை. விதிகள் கல்லில் இருந்தன. குடத்தில் கைவிட்டு ஓலையை எடுத்தது ஒரு சிறுவன்.

தகுதியில் குழப்பம் இல்லாவிட்டாலும், மதிப்பெண்களைக் கூட்டும் விதத்திலேயே சிக்கல் முளைக்கலாம். பிரிட்டனில் பிபிசி நடத்தும் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' நடனப் போட்டியின் 2008 அரையிறுதியில் மூவர் எஞ்சியிருந்தனர். நடுவர்களின் தரவரிசையில் முதலிடத்துக்கு 3 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1. மக்கள் வாக்குக்கும் அவ்வாறே. அன்று ரேச்சல் ஸ்டீவன்ஸ், லிசா ஸ்னோடன் இருவரும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டதால் ஆளுக்கு 3 புள்ளி பெற்றனர். டாம் சேம்பர்ஸ் 1 புள்ளி பெற்றார். மக்கள் வாக்கில் டாம் முதலிடம் பெற்றாலும் அவருக்குக் கிடைப்பது 4 புள்ளிதான். மற்ற இருவரில் ஒருவர் 5 புள்ளி பெற்று முன்னேற, இன்னொருவர் 4 புள்ளியுடன் நிற்பார். அதாவது, எத்தனை லட்சம் பேர் வாக்களித்தாலும் கடைசி இருவரில் ஒருவராக மீண்டும் ஆட வேண்டிய நிலையிலிருந்து டாமைக் காப்பாற்ற முடியாது. வாக்குகளைப் பெற்ற பிறகே இது புலப்பட்டது. பிபிசி மூவரையும் இறுதிச் சுற்றுக்கு அனுப்பி, அந்த வாக்குகளையும் அதற்குக் கொண்டுசென்றது. இறுதியில் வென்றவர் அதே டாம் சேம்பர்ஸ்! தரவரிசைகளைக் கூட்டிப் பொதுமுடிவு காண்பதில் உள்ள இடர்ப்பாடுகளை கென்னத் ஆரோ 1951-இல் கணித வழியில் நிறுவினார். பொருளியல் வகுப்பில் மாணவர்கள் கொட்டாவி விடும் அந்தத் தேற்றம், ஒரு நடன மேடையில் அவ்வாறு உயிர்பெற்றது.

மூன்றாவது சிக்கல், வாக்கின் விலை. தேர்தலில் ஒருவருக்கு ஒரு வாக்கு. தொலைக்காட்சி வாக்கெடுப்புகளிலோ பெரும்பாலும் ஒருவரே பலமுறை வாக்களிக்கலாம். கட்டணம் செலுத்தி அனுப்பும் குறுஞ்செய்தி என்றால் பணமுள்ளவரின் விருப்பம் கூடுதலாக எண்ணப்படுகிறது. அன்றாடம் இறால் விற்று வாழும் வீட்டுப் பிள்ளையும் நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளையும் இவ்விடத்தில் சமமல்லர். 2007-இல் 'கௌன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியோடு இணைந்து நடந்த பார்வையாளர் போட்டியில் ஒரு குறுஞ்செய்திக்கு 2.40 ரூபாய் வசூலிக்கப்பட்டது. பரிசுப் பணமே பங்கேற்பாளர்களின் கட்டணத்திலிருந்து வந்தது எனப் புகார் எழ, தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் 1 கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. போதிய ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் அந்த உத்தரவை நீக்கியது. சட்டத்தின் கண்ணில் வழக்கு முடிந்துவிட்டது. போட்டியின் வருவாய்க் கணக்கைப் பார்வையாளர் அறிய வேண்டாமா என்ற கேள்வி முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலானது, நடுவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பது. 1956-இல் அமெரிக்காவில் 'ட்வென்டி ஒன்' வினாடி-வினாவில் சார்லஸ் வான் டோரனுக்கு விடைகள் முன்பே தரப்பட்டன. அவரிடம் தோற்ற ஹெர்பர்ட் ஸ்டெம்பெலும் தயாரிப்பாளர் சொல்லியே தவறான விடை கூறினார். கவர்ச்சியான வெற்றியாளர் நிகழ்ச்சிக்குத் தேவைப்பட்டார் என்பதே காரணம். இது அம்பலமானதால்தான் 1960-இல் இத்தகைய மோசடியைக் குற்றமாக்கும் சட்டம் அங்கு வந்தது. எல்லா நிகழ்ச்சியும் அப்படிப்பட்டது என்று நான் கூறவில்லை. ஆனால் விறுவிறுப்பும் சர்ச்சையும் பார்வையாளர்களைப் பெருக்கும். பார்வையாளர் பெருகினால் விளம்பர வருவாய் பெருகும். முடிவால் ஆதாயம் அடையும் நிறுவனமே நடுவருக்கும் ஊதியம் தருகிறது. பழவேற்காட்டில் நிலைமை வேறு. அங்கே முறையை வகுத்துக் காப்பவரும் அதே நீரில் வலை கட்டுபவர். இன்று அவர் முறைகேடு செய்தால், நாளை அது அவருக்கே திரும்பும்.

இதனால் பாடு குறையற்றது என்று பொருளன்று. அதன் சீட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு நியாயமானது. ஆனால் உள்ளே வருவதற்கான தகுதியைப் பிறப்பு முடிவுசெய்கிறது. அதே ஏரியை நம்பி வாழும் பிற சமூகத்து மீனவர்கள் வளமான இடங்களுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களின் குறை நீண்டகாலமாகத் தீராதது. முகத்துவாரம் தூர்ந்து மீன்வளம் சுருங்கச் சுருங்க அந்தக் குறை கூர்மையாகிறது. குலுக்கல் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், யார் பெயர் குடத்தில் இடப்பட்டது என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. பாட்டு மேடைக்கும் ஏரிக்கும் இது பொது.

எனவே, பரிசுப் போட்டி நடத்தும் தொலைக்காட்சிகள் செய்யத்தக்கவை சில உண்டு. கலந்துகொள்வதற்கான தகுதியையும் போட்டியாளரின் முன் அனுபவத்தையும் முதல் நாளே திரையில் அறிவிக்க வேண்டும். நடுவர் மதிப்பெண் எத்தனை விழுக்காடு, மக்கள் வாக்கு எத்தனை விழுக்காடு, சமநிலை ஏற்பட்டால் என்ன செய்வது என்பதை வாக்கெடுப்புக்கு முன் வெளியிட வேண்டும். ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஒரு வாக்கு என வரையறுக்க வேண்டும். முடிவுக்குப் பின் வாக்கு எண்ணிக்கையை வெளியிட்டு, நிறுவனத்தைச் சாராத தணிக்கையாளரின் சான்றையும் இணைக்க வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

வெறும் பொழுதுபோக்குக்கு இத்தனை விதிகள் தேவையா என்று சிலர் கேட்கலாம். பரிசாக வீடு தரப்படும் இடத்தில், பல சிற்றூர்க் குடும்பங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தையே பணயம் வைக்கின்றன. அதைவிட முக்கியமானது, போட்டி நியாயமாக நடக்கும் என்ற நம்பிக்கை. வேலைவாய்ப்புத் தேர்வு, கல்லூரிச் சேர்க்கை, நிவாரணப் பட்டியல் என ஒவ்வொன்றிலும் அந்த நம்பிக்கையைச் சார்ந்தே எளிய மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். 'எல்லாம் முன்பே முடிவு செய்ததுதான்' என்ற எண்ணம் வீட்டுக் கூடத்தில் இரவுதோறும் விதைக்கப்பட்டால், அது அந்த வரிசைகளிலும் முளைக்கும். தோற்றவரும் 'முறைப்படிதான் நடந்தது' என்று ஒப்புக்கொள்ளும் நிலையை உருவாக்குவதே நல்ல நடுவரின் கடமை.