முகப்பில் பாரதி, தனியாக அருவி நிலவரம்: உங்க வெப்சைட் மெனுவைப் பிரிப்பது எப்படி?

கடையத்தில் உங்க வீட்டு மாடி சும்மா கிடக்கிறது. குற்றாலம் சீசனுக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று சென்னையில் உட்கார்ந்து யோசிக்கிறீங்க. வேர்டுபிரஸில் ஒரு சைட் ஆரம்பித்து, 'பழைய குற்றாலத்தில் தண்ணீர் சூப்பர்' என்று ஒரு பதிவும் போட்டாச்சு. பிறகு வேலையில் மறந்துட்டீங்க. அடுத்த மே மாதம் சைட்டைத் திறப்பவருக்கும் முதலில் தெரிவது அதே வரிதான்.

சின்ன விஷயம் இல்லை இது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். மலையில் பெய்யும் மழை, கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது. அங்கே நேற்றைய நிலவரமே பழசு.

ஏன் பதிவு முதலில் வருது?

வேர்டுபிரஸ் 2003-ல் பிளாக் எழுதும் கருவியாகத்தான் வந்தது. தனிப் பக்கம் என்ற வசதி 2005-ல், 1.5 பதிப்பில்தான் சேர்ந்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகலை. நாம் மாற்றாதவரை முகப்பில் பதிவுகளே வரிசையாக நிற்கும்.

முதலில் ஒரு பேப்பரில் பிரிச்சுடுங்க. அறைகள், வரும் வழி, போன் நம்பர், வில்வவனநாதர் கோயில் பற்றிய குறிப்பு எல்லாம் பக்கங்கள். 1918 டிசம்பரில் கடலூர் சிறையிலிருந்து விடுதலையான பாரதி, செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்து 1920 வரை இருந்த கதையும் பக்கம்தான். அது இனி மாறப்போவதில்லை. அருவி, குளிக்கத் தடை, ராமநதி அணை நீர்மட்டம் எல்லாம் தேதியோடு வர வேண்டிய பதிவுகள். வாடகைதான் இடையில் மாட்டும். மாறினாலும் அதைப் பக்கமாகவே வைங்க. பழைய ரேட்டைத் தேடி யாரும் வரப்போறதில்லை.

இப்போ செட்டிங்ஸ்

'முகப்பு', 'ஊர்ச் செய்தி' என இரண்டு பக்கங்களை உருவாக்குங்க. இரண்டாவது காலியாகவே இருக்கட்டும். பிறகு செட்டிங்ஸ், ரீடிங் போய் 'எ ஸ்டாட்டிக் பேஜ்' என்பதைத் தேர்வு செய்து, ஹோம்பேஜ் இடத்தில் முகப்பையும் போஸ்ட்ஸ் பேஜ் இடத்தில் ஊர்ச் செய்தியையும் வைங்க. பலர் தடுமாறுவது இங்கேதான். அந்த இரண்டாவது பக்கத்தில் நீங்க எழுதும் எதுவும் பொதுவாக வெளியே தெரியாது, பதிவுகளின் பட்டியல்தான் வரும்.

அதோடு விட்டால் இன்னொரு சிக்கல். இன்று அருவி நிலவரம், நாளை கோயில் திருவிழா என்று எழுதினால் அருவி கீழே போய்விடும். அதனால் 'அருவி நிலவரம்' என்று ஒரு கேட்டகரி தொடங்கி, அதையே மெனுவில் சேருங்க. பழைய தீம் என்றால் அப்பியரன்ஸ், மெனுஸ். புதிய பிளாக் தீம் என்றால் எடிட்டருக்குள் நேவிகேஷன். மெனுவில் வெறும் 'பிளாக்' என்று எழுதினால் குளிக்க வருபவருக்கு என்ன புரியும்?

முகப்பிலும் லேட்டஸ்ட் போஸ்ட்ஸ் பிளாக்கை வைத்து, அந்தக் கேட்டகரியில் ஒரே பதிவு மட்டும் தெரியும்படி செய்யலாம். தேதி காட்டும் சுவிட்சை மறக்காமல் ஆன் செய்யுங்க. 'குளிக்க அனுமதி உண்டா என்பதை அருவியில் இருக்கும் போலீஸாரிடம் கேட்டுக்கொள்ளவும்' என்ற வரியையும் பக்கத்திலேயே போட்டுடுங்க.

லிங்க் விஷயத்தில் மட்டும் தமிழ்ப் பாசம் வேண்டாம். 'அருவி' என்று தமிழில் வைத்தால், வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் 45 எழுத்துக் குறியீடாக நீண்டுவிடும். ஆங்கில எழுத்தில் வைத்து, பிறகு மாற்றாமல் இருங்க. மாற்றினால் ஏற்கெனவே ஷேர் ஆன லிங்க் திறக்காமல் போகலாம்.

எல்லாம் முடிந்ததும் ஊரில் இருக்கும் அத்தையின் போனில் சைட்டைத் திறந்து கொடுத்து, "இன்னைக்கு அருவியில குளிக்கலாமா, பாத்துச் சொல்லுங்க" என்று கேளுங்க. அந்த மூன்று கோடு மெனுவை அவங்க தொடவே இல்லை என்றால், அருவி நிலவரத்தை அதிலிருந்து வெளியே எடுத்து முகப்பின் உச்சியில் பட்டனாகவே வெச்சிடுங்க.