தாழ்ந்த வள்ளம்

திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கிய வகுப்பறை ஒன்றில், ஆசிரியப் பயிலுநராக நான் நடத்திய முதல் விஞ்ஞானப் பாடம் ‘மிதத்தலும் அமிழ்தலும்’. மிதக்கும் பொருள் தன் நிறைக்கு நிகரான நீரை இடம்பெயர்க்கும் என்று புத்தகத்தில் உள்ளவாறே மொழிந்தேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டனர். எனக்கோ பெருமிதம்!

கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான்.

“ரீச்சர், பாரம் ஏத்தின வள்ளம் கங்கைக்குள்ள போனா ஒரு விரல் தாழும் எண்டு அப்பா சொல்றவர். ஏன்?”

“அதே வள்ளம், அதே பாரம், எப்படித் தாழும்? இரு” என்று அமர்த்திவிட்டேன். அவன் முகம் வாடிற்று.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மகாவலி கொட்டியாரக் குடாவில் அல்லவா கலக்கிறது? ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 1000 கிராம்; கடல்நீரோ 1025. நிறை குறைந்த நீர் அதே பாரத்தைத் தாங்க வேண்டுமாயின், வள்ளம் சற்று ஆழ்ந்தே தீரவேண்டும். பெருங்கப்பல்களின் பக்கத்தில் நன்னீருக்கென்று தனிக்கோடு தீட்டியிருப்பதும் இதன்பொருட்டே. நாள்தோறும் அக்கப்பல்களைப் பார்த்தவள்தான் நான்!

மறுநாள் கண்ணாடிக் குவளையும் முட்டையும் உப்புமாகப் போனேன்.

“நேற்று நான் சொன்னது பிழை, தம்பி. அப்பா சொன்னதே சரி.”

உப்பை அவன் கையிலேயே கொடுத்தேன். (முட்டை மிதக்கக் கடலின் உப்பும் போதாது, இன்னும் மிகுதியாக வேண்டும்.) கரைக்கக் கரைக்க முட்டை மெல்ல எழுந்தது. வகுப்பு ஆரவாரித்தது. அவன் மட்டும் எத்தனை கரண்டி என்று எண்ணிக்கொண்டிருந்தான்.